கீலருகே ஒரு சிவப்பு

அபாயச் சங்கு ஊதியபோது டெல்பெர்ட் கிம்ஸியின் வாய்க்குள் பாதிக் கெளுத்தி மீன் இருந்தது. மீதிப் பாதியைத் தட்டோடு தூக்கிக்கொண்டுதான் அவன் ஹோட்டல் படிகளில் இறங்கினான்.

"சூறாவளி நம்மளத் தேடி வருது. நீ மீனைக் காப்பாத்திக்கிட்டிருக்கே" என்றார் முன்னால் இறங்கிக்கொண்டிருந்த லோரீன் பக்னர்.

"பாவம் மேம், அதை ஒரு தடவை தண்ணியில இருந்து தூக்கிப் போட்டுட்டாங்க. நானும் கைவிட்டா அது யார்கிட்டதான் போகும்?"

லோரீன் சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் புயலில் இடிந்த வீடுகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர் அவர். எந்தச் சுவரைக் காற்று இடித்தது, எந்தச் சுவரை வீட்டுக்காரரே இடித்தார் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். அந்தத் திறமையை நம்பித்தான் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்திருந்தார். அவருக்கு இருந்த ஒரே உதவியாள், முன்பு காளைச் சவாரி மைதானங்களில் கோமாளி வேஷம் கட்டிய டெல்பெர்ட்.

டல்ஸாவில் அந்த ஹோட்டலில் அன்று மாணவர்களின் ஆராய்ச்சிப் போட்டி. பாலம், விமான இறக்கை, செயற்கை இடுப்பெலும்பு என்று எதையாவது எடுத்துக்கொண்டு, அதைக் கணினிக்குள்ளேயே இழுத்து, வளைத்து, உடைத்துப் பார்க்கிற படிப்பு அவர்களுடையது. ஜெயிப்பவருக்கு முனைவர் பட்டம் வாங்கும்வரை உதவித்தொகை. இறுதிச் சுற்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதில் பேச வேண்டிய மூவரில் நியாங் லுன் என்ற பெண்ணைக் காலையிலிருந்து காணவில்லை.

லோரீனின் அலுவலகத்துக்கு ஓடி வந்து அதைச் சொன்னவர் நியாங்கின் வழிகாட்டிப் பேராசிரியர் ஹாலிஸ் வெப்.

"பொண்ணையும் காணோம், அவ போஸ்டரையும் பலகையில காணோம். ஃபோனும் அணைஞ்சிருக்கு. ஃபைனல்ஸ்ல கோல்பி ராத்னு ஒரு பையன் இருக்கான். நேத்து ரெண்டு பேரும் சண்டை போட்டதை என் கண்ணால பார்த்தேன். போட்டி ஆரம்பிக்கறதுக்குள்ள அவளைக் கண்டுபிடிங்க. அவ மேடையில ஏறியே ஆகணும்."

அடையாளத்துக்கு என்று போஸ்டரின் இன்னொரு பிரதியையும் குழாயில் சுருட்டிக் கொடுத்தார். அந்தக் குழாய்தான் இப்போது டெல்பெர்ட்டின் முதுகில் தொங்கியது.

கீழ்த்தளத்தில் நீளமான ஒரு சிமெண்டு அறை. மாணவர்கள், பேராசிரியர்கள், ஹோட்டல் ஆட்கள், அங்கே தங்க வந்தவர்கள் என்று கூட்டம் பிதுங்கியது. கடைசி ஆளும் உள்ளே வந்ததும் கனமான இரும்புக் கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் டெல்பெர்ட் மீன் தட்டைக் கீழே வைத்துவிட்டான். மைதானத்தில் வேலை பார்த்த காலத்தில், அவன் ஒளிந்திருந்த பீப்பாயைக் காளை ஒன்று வேலியோடு வைத்து அழுத்திக்கொண்டு நகரவே மாட்டேன் என்றது. மூடின இடம் என்றால் அன்றிலிருந்து அவனுக்கு மூச்சு முட்டும்.

கதவிடுக்கில் கொஞ்சம் காற்று வருமே என்று அதை ஒட்டி உட்காரப் போனான்.

"அங்க வேண்டாம் சார்" என்றது ஒரு குரல். நீல அங்கி, நெற்றியை மறைத்த தொப்பி, கையில் ஒரு கட்டுப் போர்வை. ஹோட்டல் வேலைக்காரப் பெண். "அந்தச் சுவரோரமா உட்காருங்க."

"இங்கதாம்மா காத்து வருது."

"அதனாலதான் சொல்றேன்."

அவன் நகர்ந்தான். அவள் அடுத்து, கதவுக்கு அருகே கால் நீட்டியிருந்த ஒரு வயதான தம்பதியையும் எழுப்பி உள்ளே அழைத்துப் போனாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெப் வந்தார். "கிடைச்சாளா?"

"தேடிக்கிட்டிருக்கோம்" என்றார் லோரீன்.

"கோல்பியைப் பிடிச்சு உலுக்குங்க. சங்கு நின்ன உடனே போட்டி நடக்கும்னு டாக்டர் ஸாரட்டே சொல்லிட்டாங்க." இமெல்டா ஸாரட்டே நடுவர் குழுவின் தலைவி. வெள்ளைக் குட்டை முடியோடு, அறையின் நடுவில் தன் கைப்பையின் மேலேயே உட்கார்ந்திருந்தார். வெப் சொல்லிவிட்டு அறையின் கடைசி மூலைக்குத் திரும்பிப் போனார்.

லோரீன் குரலைத் தாழ்த்தினார். "டெல்பெர்ட், சுவத்துல குத்தின போஸ்டரை நீ திருடினா எங்க இருந்து ஆரம்பிப்பே?"

"மேல இருந்து. கீழ இருந்து ஆரம்பிச்சா அது மூஞ்சியில வந்து விழும்."

"மேலே இருந்தப்போ அந்தப் பலகையைப் பார்த்தேல்ல? கீழ் ஊசி ரெண்டையும் பொறுமையா உருவி, பலகை விளிம்புல பக்கத்துப் பக்கத்துல வெச்சிருந்தாங்க. மேல் ஊசி ரெண்டும் குத்தினபடியே இருந்தது. ஒவ்வொண்ணுலயும் காகிதத்து மூலை கிழிஞ்சு தொங்கிச்சு. இப்ப அந்தப் பையனைப் பாரு."

டெல்பெர்ட் பார்த்தான். கோல்பி ராத் கூரைக் குழாயில் இடிக்காமல் இருக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

"இவன் மேல் ஊசியை எடுக்கணும்னா குனியணும், மேம்."

"எடுத்தது கை எட்டாத ஆளு. அதுவும் ஊசியைக்கூட ஒழுங்கா வைக்கிற ஆளு. திருடனுக்கு அந்தப் பொறுப்பு எதுக்கு?"

"அப்போ நியாங்கே தன் போஸ்டரைக் கிழிச்சிட்டாளா? ஏன்?"

"அதைத்தான் உயரமானவர்கிட்ட கேட்கப் போறோம்."

கோல்பி அவர்களைப் பார்த்ததுமே கைகளைத் தூக்கினான். "புரொபசர் வெப் அனுப்பினாரா? நான் எதையும் தொடலை."

"தெரியும் தம்பி. நீ சண்டை போட்டது எதுக்குன்னு மட்டும் சொல்லு" என்றார் லோரீன்.

"சண்டையா? அவ நல்லதுக்குத்தான் கத்தினேன். ஹேவர்லி கம்பெனியோட புயல் கதவைத்தான் அவ ஆராய்ச்சிக்கு எடுத்தா. காத்துல ஒரு கட்டை பறந்து வந்து அடிச்சா கதவு தாங்குமான்னு கணக்கு. தாங்காதுன்னு வந்திருக்கு. மேல் கீலுக்குப் பக்கத்துல பிச்சுக்கும். உதவித்தொகை கொடுக்கிறதே ஹேவர்லிதான்! அவங்க காசுல நின்னுக்கிட்டு அவங்க கதவு ஓட்டைன்னு சொல்லப் போறியான்னு கேட்டேன். ஆமாம்னா."

"தைரியம்" என்றான் டெல்பெர்ட்.

"பைத்தியம்னேன் நான். ராத்திரி யோசிச்சப்போ, நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்னு தோணிச்சு. அது ஒரு மாதிரி இருந்துச்சு." கோல்பி ஃபோனை எடுத்தான். "நேத்து ஒத்திகையில அவ திரையைப் படம் பிடிச்சேன். கலர் நல்லா இருந்துச்சு. என் படத்துலயும் அதையே போடலாமேன்னு."

டெல்பெர்ட் குழாயிலிருந்த போஸ்டரை விரித்தான். ஃபோனில் இருந்த அதே கதவு. நீலமும் பச்சையும் பரவிய அதே படம், மேல் கீலுக்குச் சற்றுக் கீழே அதே சிவப்புப் பொட்டு.

"ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு. ஒரு வித்தியாசமும் இல்லை."

லோரீன் படத்தைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில், எந்த நிறத்துக்கு எவ்வளவு அழுத்தம் என்று காட்டும் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இரும்பு எவ்வளவு தாங்கும்னு ரெண்டுலயும் போட்டிருக்கு. ஐம்பது. அதைத் தாண்டினா பிச்சுக்கும். ஃபோன்ல சிவப்புக்கு நேரா என்ன எண்?"

"எழுபத்தஞ்சு."

"உன் கையில இருக்கிறதுல?"

டெல்பெர்ட் குனிந்தான். நிமிர நேரமாயிற்று. "நாற்பது."

"ஜுரம் அப்படியேதான் இருக்கு. தெர்மாமீட்டரைத்தான் மாத்தியிருக்காங்க."

"அந்த போஸ்டரை அச்சடிச்சுக் கொண்டுவந்ததே புரொபசர் வெப்தான்" என்றான் கோல்பி மெதுவாக. "எங்களோடதையெல்லாம் நாங்களே அடிச்சோம். அவளுக்கு மட்டும் அவர் அடிச்சுக் கொடுத்தார். அவரோட ஆய்வுக்கூடமும் ஹேவர்லி காசுலதான் ஓடுது."

டெல்பெர்ட்டுக்குப் புரிய ஆரம்பித்தது. நியாங் காலையில் பலகையில் பார்த்தது தன் பெயருக்குக் கீழே ஒரு பொய்யை. மேடையில் ஏறினால் அந்தப் பொய்யைத் தன் வாயால் சொல்ல வேண்டும். மறுத்தால் வழிகாட்டியே விரோதி. இரண்டு பக்கமும் சுவர்.

"மேம், அப்போ நம்மளை வேலைக்கு வெச்ச ஆளுதான்..."

"ஆமாம். மான் தப்பிச்சு ஓடிடுச்சு. பிடிச்சுட்டு வான்னு அவர் அவிழ்த்துவிட்ட நாய்ங்க நாம."

இதற்குக் கிண்டலாக ஏதாவது சொல்லத்தான் டெல்பெர்ட் வாயைத் திறந்தான். கண் கதவின் பக்கம் போனது. தாழ்ப்பாளுக்கு மேல் ஒரு தகடு. அதில் பொறித்திருந்த பெயரை அவன் இருமுறை படித்தான்.

ஹேவர்லி.

வெளியே காற்று அடிவயிற்றிலிருந்து முனகியது. சிமெண்டுக் கூரை தலைக்கு மேல் ஒரு சாண் இறங்கிவிட்டதுபோல் இருந்தது.

"மூச்சை இழுத்து விடு" என்றார் லோரீன். "இழுத்துட்டு, நான் கேட்கிறதுக்குப் பதில் சொல்லு. கதவுகிட்ட உட்காரப் போனியே, உன்னை எழுப்பிவிட்டது யாரு?"

"ஹோட்டல் பொண்ணு ஒருத்தி..." அவன் நிறுத்தினான். அந்தப் பெண் இப்போது ஒரு சிறுவனைக் கதவுப் பக்கத்திலிருந்து கையைப் பிடித்து அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். கூடவே வந்த சிறுவனின் அம்மாவுக்குத் தோள் உயரம்தான் இருந்தாள் அவள். "ஐயோ. என் கண்ணு முன்னாடியே..."

"ஒளிஞ்சுக்க வந்தவ. போர்வையைப் போத்திக்கிட்டுப் பேசாம மூலையில இருந்திருக்கலாம். முடியலை அவளால."

அவர்கள் பக்கத்தில் போனதும் நியாங் லுன் தொப்பியை இன்னும் கீழே இழுத்தாள். "தயவுசெஞ்சு காட்டிக் கொடுத்துடாதீங்க" என்றாள். அங்கி அவளுடைய அத்தையுடையது. அத்தை இங்கே சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். போட்டி முடியும்வரை அங்கே மறைந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

"போட்டி முடிஞ்சப்புறம்?" என்று கேட்டார் லோரீன்.

"தெரியலை. படிப்பை விட்டுடலாம்னு நெனச்சேன். எங்க வீட்டுல இவ்வளவு தூரம் படிச்சது நான்தான். அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தப்போ சங்கு ஊதிடுச்சு. இந்த அறைக் கதவைப் பார்த்ததும் மத்ததெல்லாம் மறந்துபோச்சு."

"நியாங்!"

வெப்பின் குரல். கைகளை விரித்துக்கொண்டு வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "சபாஷ் பக்னர்! நியாங், என்னம்மா இது வேஷம்? கழட்டு அதை. புயல் நின்னதும் நீதான் முதல்ல பேசறே." அவள் காதருகே குனிந்து சொன்னது டெல்பெர்ட்டுக்கும் கேட்டது. "நான் கையெழுத்துப் போடாம இந்த நாட்டுல எந்தப் பல்கலைக்கழகமும் உன்னைச் சேர்க்காது. ஞாபகம் இருக்கட்டும்."

சத்தத்துக்கு டாக்டர் ஸாரட்டேயும் எழுந்து வந்தார். லோரீன் போஸ்டரையும் ஃபோனையும் அவர் முன்னால் நீட்டினார். ஸாரட்டே பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஹாலிஸ், இது என்ன?"

"சின்னத் திருத்தம். இந்தக் கணக்கெல்லாம் எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா? கதவைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுத்தான் கணக்குப் போடறோம். பெரிய கட்டம் வெச்சா நாற்பது வரும். அவ அனுபவமில்லாம என்னவோ பண்ணி எழுபத்தஞ்சு கொண்டுவந்தா."

நியாங் தொப்பியைக் கழற்றினாள். "கட்டத்தைச் சின்னதாக்கிக்கிட்டே போனேன் சார். ஒரு அளவுக்கு மேல எண் மாறவே இல்லை. எழுபத்தஞ்சுலயே நின்னுச்சு. சரியான விடைன்னா அப்படித்தான் நிக்கணும்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. போஸ்டர்ல இருக்கிற படம் என் சின்னக் கட்டத்தோடது. கோடெல்லாம் எவ்வளவு நெருக்கமா இருக்குன்னு பாருங்க. எண் மட்டும்தான் உங்க பெரிய கட்டத்தோடது."

ஸாரட்டே படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். அவர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

"கதவு தாங்கும்" என்றார் வெப் உரக்க. "இந்தத் துறையில என் பேரைத் தெரியாதவங்க கிடையாது. தாங்கும்னு நான் சொல்றேன்."

லோரீன் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்தார். கூட்டம் விலகி வழிவிட, அதைக் கொண்டுபோய்க் கதவின் கீல் பக்கம் போட்டார். கைக்குட்டையால் அதைத் துடைத்தும் வைத்தார்.

"உட்காருங்க புரொபசர்."

வெப் நாற்காலியைப் பார்த்தார்.

"இவ்வளவு பேரு இருக்கிற அறையில, கதவை விட்டுத் தூரமா, அந்தக் கடைசி மூலையை நீங்க மட்டும் எப்படி முதல்லயே பிடிச்சீங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். வாங்க. கதவு நல்ல கதவு. இங்கதான் காத்தும் வருதாம்."

வெளியே ஏதோ உடைந்து உருண்டது. கதவு ஒருமுறை அதிர்ந்தது. வெப்பின் கண் மேல் கீலுக்குப் போய் அங்கேயே நின்றது. அவர் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

"உட்காருங்க ஹாலிஸ்" என்றார் ஸாரட்டே.

அவர் உட்காரவில்லை. அந்த அறையில் அதற்குப் பிறகு யாருக்கும் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

விளக்குகள் அணைந்தன. காற்றின் முனகல் ஓலமாகி, ஓலம் ரயில் தலைக்கு மேல் ஓடுவதுபோல் ஆயிற்று. டெல்பெர்ட் தரையில் குப்புறப் படுத்து யாருடைய கையையோ பிடித்துக்கொண்டான். பீப்பாய், வேலி, காளையின் மூச்சு எல்லாம் திரும்பி வந்தன. எதுவோ சரிந்து கதவின் மேல் சாய்ந்தது. இரும்பு கிறீச்சிட்டது. பிறகு, ரயில் ஊரைத் தாண்டிப் போனதுபோல், அமைதி.

"கையை விடறியா? விரல் மரத்துப் போச்சு" என்றது லோரீனின் குரல்.

கதவு பிய்த்துக்கொள்ளவில்லை. ஆனால் திறக்கவும் இல்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். வெளியே இடிபாடு சாய்ந்து சட்டமே வளைந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் தீயணைப்புக்காரர்களின் குரல் கேட்க வெகு நேரமாயிற்று. பாரத்தை அப்புறப்படுத்த வேண்டும், கதவை அறுக்க வேண்டும், பொறுமையாக இருங்கள் என்றார்கள்.

டெல்பெர்ட் சட்டையின் மேல் பொத்தானைப் பிய்த்தான். காற்று போதவில்லை.

"இங்க பாருங்க" என்றாள் நியாங். போஸ்டரின் ஒரு முனையை அவன் கையில் திணித்தாள். "இதை உயரமாப் பிடிங்க. எனக்கு எட்டாது."

டாக்டர் ஸாரட்டே தன் கைப்பையின் மேல் மறுபடியும் உட்கார்ந்தார். "எல்லாரும் இங்கதான் இருக்கோம். வேற எங்கயும் போகவும் முடியாது. ஆரம்பிம்மா."

இன்னொரு முனையைக் கோல்பி பிடித்துக்கொண்டான். ஃபோன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. நியாங் முதலில் யாரிடமோ ஒரு பேனா வாங்கி நாற்பதை அடித்து எழுபத்தைந்து என்று எழுதினாள். பிறகு பேசினாள். கட்டை எங்கே மோதும், அடி எந்த வழியாக ஓடும், இரும்பு ஏன் கீலில் விட்டுக்கொடுக்காமல் கீலுக்குக் கீழே இருக்கும் தகட்டின் பற்றவைப்பில் விட்டுக்கொடுக்கும். டெல்பெர்ட்டுக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் கதவையே பார்த்துக்கொண்டு கேட்டான். எங்கே பலவீனம் என்று தெரிந்த கதவு, தெரியாத கதவு அளவுக்கு அவனை நெருக்கவில்லை.

அவள் முடித்ததும் ஸாரட்டே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பரிசைப் பத்தி நான் பொய் சொல்ல மாட்டேன். இதுக்கப்புறம் ஹேவர்லி பணம் கொடுக்க மாட்டாங்க. இந்த வருஷம் யாருக்கும் பரிசு இருக்காது."

"தெரியும் மேடம்."

"என் ஆய்வுக்கூடத்துல ஓர் இடம் காலியா இருக்கு. வர்றியா?"

நியாங் மூலையைப் பார்த்தாள். இருட்டில் வெப் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். "என் வழிகாட்டியோட சிபாரிசுக் கடிதம் இல்லாம எங்கயும் சேர முடியாதே மேடம்."

கதவில் தட்டினார்கள். "இங்க எல்லாம் தள்ளியாச்சு! ஆனா அறுக்கிற இயந்திரம் வர நேரமாகும். கடப்பாறைதான் இருக்கு. உள்ள இந்தக் கதவைப் பத்தித் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

எல்லாத் தலைகளும் மூலைக்குத் திரும்பின. வெப் சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

நியாங் கதவில் வாயை வைத்துக் கத்தினாள். "மேல் கீல் தெரியுதா? கீலைத் தொடாதீங்க! அதுக்குக் கீழ ஒரு தகடு பத்த வெச்சிருக்கும். தகட்டோட உள் ஓரத்துல கடப்பாறையைக் குடுத்து நெம்புங்க!"

"புயல் கதவும்மா இது! கடப்பாறைக்கெல்லாம் அசையாது!"

"அங்க அசையும்!"

இரும்பு இரும்பில் உரசியது. ஒரு நெம்பு. இன்னொரு நெம்பு. டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தகட்டின் பற்றவைப்பு விட்டுக்கொடுத்துக் கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு பேர் அதைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டார்கள். மழை வாசனையோடு வெளிச்சமும் காற்றும் உள்ளே பாய, டெல்பெர்ட் வெட்கமில்லாமல் வாயைப் பிளந்து குடித்தான்.

தீயணைப்புக்காரர் கடப்பாறையோடு வாசலில் நின்றபடி, பிய்ந்த இடத்தையும் உள்ளே இருந்த இத்தனை பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை நம்பியா உங்களை உள்ள வெச்சிருந்தாங்க?"

ஸாரட்டே எழுந்து வந்து, தரையில் கிடந்த கதவின் பக்கத்தில் குனிந்தார். கிழிந்த இரும்பின் ஓரத்தைப் போஸ்டரிலிருந்த சிவப்போடு ஒத்துப் பார்த்தார். நிமிர்ந்து நியாங்கின் தோளில் கை வைத்தார்.

"கடிதம் வந்துடுச்சும்மா" என்றார்.